கொடுமுடியில் கொடையாளர் யாருமே இல்லையா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு இரத்ததானத் தன்னார்வக் குழுவின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கொடையாளர் பட்டியல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. பழைய பட்டியல் எக்செல்லில் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தது. அதை ஒரு கன்வெர்ட்டர் மூலம் யூனிகோடுக்கு மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். தேடும் குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் கட்டளையை, எனக்கு முன்பிருந்தவர் எழுதினார். பவானி, பெருந்துறை, அந்தியூர் என்று கொடுத்தால் ஆட்கள் வருவார்கள். கொடுமுடி, மொடக்குறிச்சி, கோபிசெட்டிபாளையம் என்று கொடுத்தால் ஒரு வரிகூட வராது. ஆனால் டேபிளைத் திறந்தால் அந்த ஊர்ப் பெயர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. போன மாதம் ஒரு மருத்துவமனையிலிருந்து ஓ நெகட்டிவ் கேட்டபோது, கொடுமுடிப் பக்கம் எங்களிடம் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு ஒரு தன்னார்வலர் தன் நோட்டைப் புரட்டி அதே ஊரில் இரண்டு பேரைச் சொன்னார். இது போதாதென்று, போன வாரத்திலிருந்து எந்த ஊரைக் கொடுத்தாலும் யாருமே வருவதில்லை. குவெரியில் யாரும் கை வைக்கவில்லை; பிழைச் செய்தியும் இல்லை. நான் கணினி படித்தவள் இல்லை, வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டதுதான். எங்கிருந்து தொடங்குவது?
ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

குவெரியோடு இருபது மாதிரி வரிகளையும் அழைப்புப் பதிவேட்டின் ஒரு பகுதியையும் அனுப்பியிருந்தீர்கள். கொடையாளர்களின் பெயரையும் கைபேசி எண்ணையும் நீக்கிவிட்டு அனுப்பியதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். உதவி கேட்கிற அவசரத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

டேட்டாபேஸ் பூஜ்யம் வரிகள் என்று காட்டினால், நீங்கள் எழுதிய அத்தனை நிபந்தனைகளுக்கும் ஒருசேர 'ஆம்' சொல்லும் வரி எதுவும் கிடைக்கவில்லை என்று மட்டுமே பொருள். நிபந்தனையை எழுதியதில் கோளாறு இருந்தாலும், விவரத்தைச் சேமித்ததில் கோளாறு இருந்தாலும், உண்மையிலேயே அப்படி ஒருவர் இல்லாவிட்டாலும் திரையில் தெரிவது அதே பூஜ்யம்தான். உங்கள் அலுவலகத்தில் இந்த மூன்றையும் பிரித்தறியாமல் மருத்துவமனைக்கு 'யாரும் இல்லை' என்று சொல்லக் கூடாது. போன மாதம் நடந்ததற்கு உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். அந்தத் திரையைப் பார்த்த யாரும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் குவெரியில் நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன: ஊர் கொடுமுடி, வகை ஓ நெகட்டிவ், கடைசியாகக் கொடுத்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும், கடந்த 30 நாளில் நாம் அழைத்தவராக இருக்கக் கூடாது. நான்கையும் ஆண்ட், அதாவது 'மற்றும்', போட்டுக் கோத்திருக்கிறது. இதில் ஒன்று சொதப்பினாலும் விடை பூஜ்யம். எது சொதப்புகிறது என்று யோசித்துக்கொண்டே உட்கார வேண்டாம், டேட்டாபேஸையே கேட்டுவிடலாம். போஸ்ட்கிரெஸில் கவுன்ட்டுக்குப் பக்கத்தில் ஃபில்டர் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் வேர் (நிபந்தனையைத் தொடங்கும் ஆங்கிலச் சொல்) போட்டு ஒரு நிபந்தனையை மட்டும் கொடுக்க முடியும். ஒரே செலக்டில் ஐந்து எண்ணிக்கை கேளுங்கள். முதலாவது நிபந்தனையே இல்லாமல் மொத்தம். அடுத்த நான்கும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனித்தனியாக. மொத்தமே பூஜ்யம் என்று வந்தால் வேறு டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது உங்கள் லாகினுக்கு அந்த வரிகளைப் பார்க்க அனுமதி இல்லை. மொத்தம் சரியாக வந்து, நான்கில் ஏதாவது ஒன்று பூஜ்யமானால் பிடி கிடைத்துவிட்டது.

உங்கள் மாதிரி வரிகளில் நான் இதை ஓட்டிப் பார்த்தேன். ஊர் நிபந்தனையும் பூஜ்யம், 'அழைத்தவர் அல்லாதவர்' நிபந்தனையும் பூஜ்யம். ஒன்று நீண்ட நாளாக இருப்பது, மற்றது போன வாரம் வந்து சேர்ந்தது.

புதியதை முதலில் சரிசெய்வோம், உங்கள் தேடலை இன்று முடக்கியிருப்பது அதுதான். கொடையாளர் எண் 'நாட் இன்' (இந்தப் பட்டியலில் இல்லாதது), அடுத்து அழைப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்கள் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய பதிவேட்டில் ஒரு வரியில் கொடையாளர் எண் காலியாக இருக்கிறது. பட்டியலில் இல்லாத யாரையோ அழைத்த தன்னார்வலர், எண் தெரியாததால் அந்த இடத்தை விட்டுவிட்டிருக்கிறார். அவர் செய்தது நியாயமானதுதான். அந்தக் காலி இடத்தை டேட்டாபேஸ் 'நல்' என்கிற வெற்று மதிப்பாக வைத்துக்கொள்கிறது. 'நல்' என்றால் பூஜ்யமும் இல்லை, வெறும் எழுத்துச்சரமும் இல்லை. மதிப்பு தெரியாது என்பதுதான் அதன் பொருள்.

இப்போது 417-ஆம் எண் கொடையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் 212, 305, 'நல்' என்று மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் வரிசையாகக் கேட்கிறது. 417-உம் 212-உம் வேறா? ஆம். 417-உம் 305-உம் வேறா? ஆம். 417-உம் தெரியாத அந்த எண்ணும் வேறா? தெரியாது. ஆம், ஆம், தெரியாது மூன்றையும் ஆண்ட் போட்டுச் சேர்த்தால் விடை 'தெரியாது'. வேர் என்பது 'ஆம்' என்று வந்த வரியை மட்டுமே வெளியே விடும். 417 போயிற்று. இதே கதிதான் 418-க்கும், பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும். ஒரே ஒரு காலி இடம் மொத்தக் கொடையாளர்களையும் மறைத்துவிட்டது. எஸ்க்யூஎல் வகுத்த விதியே இதுதான் என்பதால் பிழைச் செய்தி வரவே வராது.

இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. உங்கள் நிபந்தனை கடந்த 30 நாள் அழைப்புகளை மட்டும் பார்க்கிறது. அந்தக் காலி வரிக்கு 30 நாள் கடந்ததும் அது கணக்கிலிருந்து விழுந்துவிடும், தேடலும் தானாகவே சரியாகிவிட்டது போலத் தோன்றும். எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். அடுத்த காலி வரி எந்த நாளில், எந்த அவசரத்தின்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே காத்திருக்காமல் இன்றே மாற்றுங்கள். 'நாட் இன்'னை எடுத்துவிட்டு 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போடுங்கள்: இந்தக் கொடையாளர் எண்ணோடு பொருந்துகிற அழைப்பு கடந்த 30 நாளில் இல்லாதவர். பதிவேட்டில் காலி வரி எத்தனை இருந்தாலும் இது குழம்பாது.

மாற்றும்போது ஒவ்வொரு பத்தியின் (டேபிளின் நெடுவரிசை) பெயருக்கும் முன்னால் டேபிளின் சுருக்கப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். உள்குவெரியில், அதாவது 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' அடைப்புக்குறிக்குள், நீங்கள் எழுதும் பத்தி அழைப்பு டேபிளில் இல்லாவிட்டால், போஸ்ட்கிரெஸ் பிழை சொல்லாமல் வெளி டேபிளில் அதே பெயரில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு கொடையாளரும் தன் எண்ணைத் தன்னோடே ஒப்பிட்டுக்கொண்டு வெளியேறிவிடுவார். அதுவும் சத்தமில்லாத பூஜ்யம்தான்.

இனி கொடுமுடிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழில் விவரம் சேமிக்கிற எந்த அலுவலகத்துக்கும் இது வரக்கூடியது, அனுபவமுள்ளவர்களே இதில் திணறிப்போகிறார்கள்.

உங்கள் கடிதத்திலேயே துப்பு இருந்தது. பவானி, பெருந்துறை, அந்தியூர் வருகின்றன. கொடுமுடி, மொடக்குறிச்சி, கோபிசெட்டிபாளையம் வருவதில்லை. வராத மூன்றையும் உற்றுப் பாருங்கள்: கொ, மொ, கோ. எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வருகிற எழுத்துகள். பெருந்துறையில் கொம்பு மட்டும்தான், காலில்லை. அதனால் அது தப்பித்தது.

யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. க என்பது 2965. 'கொ' என்று எழுத இரண்டு வழிகள் இருக்கின்றன. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியான 3018-ஐப் பயன்படுத்தி 2965, 3018 என்று எழுதலாம். கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று தனித்தனியாக வைத்து 2965, 3014, 3006 என்றும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி 'கொ' என்றுதான் தெரியும். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு விதியும் சொல்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸ் வழக்கமான அமைப்பில் சமக்குறி போட்டு ஒப்பிடும்போது, சேமிப்பின் சிறு அலகான பைட்டுக்கு பைட் பார்க்கிறது. அதன் கணக்கில் இவை இரண்டு வேறு சொற்கள்.

எப்படி வந்தது என்பதும் ஊகிக்கக்கூடியதே. பாமினியில் 'கொ' அடிக்க என், எஃப், எச் என்று மூன்று விசைகள்: கொம்பு, க, கால். சில கன்வெர்ட்டர்கள் கொம்பை எடுத்து க-வுக்குப் பின்னால் வைத்துவிட்டு, காலை அப்படியே விட்டுவிடும். இரண்டையும் ஒரே குறியாக இணைக்காது. நீங்களோ இன்று தமிழ்99 விசைப்பலகையில் க, ஒ என்று அடிக்கிறீர்கள். அது இணைந்த குறியையே தருகிறது. டேபிளில் பிரிந்த 'கொ', உங்கள் தேடலில் சேர்ந்த 'கொ'. இரண்டும் சந்திக்கவே போவதில்லை.

இதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். ஊர்ப் பெயரோடு அதன் எழுத்து நீளத்தையும் (அதிலுள்ள யூனிகோடு குறிகளின் எண்ணிக்கை), ஆக்டெட் லெங்த் என்கிற ஃபங்ஷனால் அதன் பைட் நீளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். நீங்கள் அடிக்கும் கொடுமுடிக்கு 8 குறிகள்; யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24. உங்கள் மாதிரி வரிகளில் இருந்த கொடுமுடிகளில் பெரும்பாலானவை 9 குறி, 27 பைட். அவை கொம்பும் காலும் பிரிந்தவை. ஒன்று மட்டும் 9 குறி, 26 பைட் என்று வந்தது. அதில் 'கொ' சரியாகவே இருக்கிறது; சொல்லின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரண இடைவெளி என்றால் ஒரு பைட்தான், 25 வந்திருக்கும். இது 160 என்ற எண் கொண்ட, வரி உடையாத இடைவெளி. இணையப் பக்கத்திலிருந்தோ வேறு கோப்பிலிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வரும். ட்ரிம் போட்டாலும் போகாது, ஏனென்றால் ட்ரிம் தானாக நீக்குவது சாதாரண இடைவெளியை மட்டும்தான். கேர்(160) என்று எழுதி ரீப்ளேஸ் செய்துதான் எடுக்க வேண்டும். 8204 என்ற எண் கொண்ட அகலமில்லாக் குறியும் சில சமயம் ஒளிந்திருக்கும். அதற்கும் 3 பைட் என்பதால், 27 வந்தாலே கொம்பு-கால்தான் என்று முடிவுகட்டாமல் அதையும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

பிரிந்ததைச் சேர்க்க நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பிலிருந்து. என்எஃப்சி என்கிற சேர்த்தெழுதும் வடிவம் கேட்டால் கொம்பையும் காலையும் ஒரே குறியாக்கிவிடும். உங்கள் சர்வர் அதைவிடப் பழையதென்றால் மூன்று ரீப்ளேஸ் போதும்: 3014-உம் 3006-உம் சேர்ந்து வந்தால் 3018, 3015-உம் 3006-உம் சேர்ந்தால் 3019, 3014-உம் 3031-உம் சேர்ந்தால் 3020. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றும் இதில் அடங்கிவிடும். பேக்கப் எடுத்த பிறகு, பிகின் போட்டு ட்ரான்ஸாக்ஷனுக்குள் (கமிட் சொல்லும்வரை மாற்றம் நிலைக்காத முறை) செய்யுங்கள். எத்தனை வரிகள் மாறின என்று பார்த்து, நாலைந்து ஊரைத் தேடி ஆட்கள் வருவதை உறுதிசெய்த பிறகே கமிட். ஊர்ப் பத்தியோடு நின்றுவிட வேண்டாம். பெயர், முகவரி, குறிப்பு எல்லாவற்றிலும் அதே கன்வெர்ட்டர் கைவைத்திருக்கிறது. தேடல் பெட்டியில் வருகிற சொல்லையும் ஒப்பிடுவதற்கு முன் நார்மலைஸ் செய்துவிடுங்கள், யார் எந்தக் கைபேசி விசைப்பலகையில் அடிப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

நார்மலைஸால் தீராதது ஒன்று உண்டு. கௌரி என்ற பெயரைப் பலர் கெ-வுக்குப் பக்கத்தில் ள என்ற எழுத்தையே போட்டு 'கெளரி' என்று அடிக்கிறார்கள். அங்கே இருப்பது உண்மையான ளகரம். அதை எந்த விதியும் தானாக மாற்றாது, மாற்றவும் கூடாது. அதுபோல கவுந்தப்பாடியை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஊருக்கென்று தனி டேபிள் வைத்து, ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண் கொடுத்து, பதிவுசெய்பவர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி மாற்றுவதுதான் இதற்கு நிலையான வழி. ஈரோடு மாவட்டத்து ஊர்களை ஒருவர் உட்கார்ந்து ஒழுங்காக அடித்துவிட முடியும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற இடம். நீங்கள் கடிதத்தில் எழுதாத ஓர் ஊர் இருக்கிறது: ஈரோடு. அதிலும் 'ரோ' இருக்கிறதே! ஈரோடு என்று தேடினால் ஆட்கள் வருகிறார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வருகிறவர்கள் யூனிகோடுக்கு மாறிய பிறகு நேரடியாகப் பதிவுசெய்யப்பட்டவர்களாக இருக்கலாம். பழைய பட்டியலிலிருந்து ஏற்றிய ஈரோட்டுக்காரர்கள் இத்தனை நாளாகத் தேடலில் தட்டுப்படாமலே இருந்திருக்கக்கூடும். ஈரோடு என்ற சொல் உங்கள் டேபிளில் எத்தனை பேருக்கு 15 பைட்டாக, எத்தனை பேருக்கு 18 பைட்டாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கொடுமுடி பூஜ்யம் காட்டியதால்தான் நீங்கள் கடிதம் எழுதினீர்கள். பாதிப் பேர் வந்து பாதிப் பேர் வராத ஊரைப் பற்றி யாரும் கடிதம் எழுத மாட்டார்கள்.

மீதி இரண்டு நிபந்தனைகள் பூஜ்யம் காட்டவில்லை என்றாலும் அவற்றிலும் ஆட்கள் கழன்றுபோகிறார்கள்.

கடைசியாகக் கொடுத்த நாள் இன்றிலிருந்து 90 நாளுக்கு முந்தையதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இதுவரை கொடுத்தே இராத புதியவருக்கு அந்தத் தேதி 'நல்'. முன்பு பார்த்த அதே கணக்குப்படி விடை 'தெரியாது', ஆகவே அவர் வரமாட்டார். முகாமில் பெயர் கொடுத்துவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற கல்லூரிப் பிள்ளைகள் அத்தனை பேரும் இதில் விடுபட்டுப் போயிருக்கிறார்கள். 'அல்லது தேதி இஸ் நல்' என்று சேருங்கள். ஆனால் 'அல்லது' என்பதற்கான ஆர் என்ற சொல்லைச் சேர்க்கும்போது இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறிக்குள் போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் மற்ற நிபந்தனைகளைத் தாண்டி எல்லா ஊர்ப் புதியவர்களும் வந்து கொட்டுவார்கள். 90 நாள் என்பது ஆண்களுக்கான இடைவெளி. பெண்களுக்கு 120 நாள். உங்கள் குவெரி எல்லோருக்கும் 90 என்றே வைத்திருக்கிறது. இதனால் யாரும் விடுபடுவதில்லை, ஆனால் அழைக்கக் கூடாத பெண்களும் பட்டியலில் வருகிறார்கள். இதையும் திருத்திவிடுங்கள்.

இரத்த வகையை குரூப் பை போட்டு, வகைவாரியாகப் பிரித்து எண்ணினால் எட்டு வரிகள் வர வேண்டும். உங்கள் இருபது வரிகளிலேயே ஒருவருக்கு ஆங்கில எழுத்து ஓ-வுக்குப் பதிலாகப் பூஜ்யம் அடித்திருக்கிறது, இன்னொருவருக்குக் கழித்தல் குறிக்குப் பதிலாக நீண்ட கோடு. நெகட்டிவ் வகைக்காரர்கள் நம் ஊரில் எவ்வளவு குறைவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒருவரைக்கூட ஒரு கோட்டின் நீளத்துக்காக இழக்கக் கூடாது. திருத்திய பிறகு எட்டு மதிப்புகளைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி அந்தப் பத்திக்கு செக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டுவிடுங்கள்.

தேடல் திரையையும் மாற்றச் சொல்வேன். யாரும் கிடைக்காதபோது 'முடிவுகள் இல்லை' என்று மட்டும் காட்டுவதை நிறுத்திவிட்டு, முதலில் சொன்ன அந்தத் தனித்தனி எண்ணிக்கைகளை அங்கேயே காட்டச் செய்யுங்கள்: இந்த ஊரில் இத்தனை பேர், இந்த வகையில் மாவட்டத்தில் இத்தனை பேர், இடைவெளி முடிந்தவர் இத்தனை பேர். தொலைபேசியை எடுக்கிற தன்னார்வலருக்கு டேட்டாபேஸ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஊரில் பூஜ்யம் என்று காட்டினால் சந்தேகப்பட வேண்டும், சிவகிரியையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்துத் தேட வேண்டும் என்று அவருக்கே புரிந்துவிடும்.

எல்லாம் சரியான பிறகு ஒரு புதுத் தலைவலி வரும், அதற்கும் தயாராக இருங்கள். பழைய பட்டியலில் இருந்தவரைத் தேடி, கிடைக்காததால், 'புதியவர்' என்று மறுபடி பதிவுசெய்திருப்பீர்கள். நார்மலைஸ் செய்ததும் ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே கைபேசி எண்ணோடு இரண்டு வரிகள் நிற்கும். அவசரப்பட்டு ஒன்றை அழித்துவிடாதீர்கள். ஒரு வரியில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியும் மற்றதில் போன மாதத் தேதியும் இருக்கலாம். பழைய தேதியை வைத்துக்கொண்டால், இப்போதுதான் கொடுத்தவரை மறுபடி அழைத்துவிடுவீர்கள். கைபேசி எண்ணை வைத்து ஜோடிகளை எடுங்கள். ஒரே வீட்டில் இருவர் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கலாம் என்பதால் பிறந்த தேதியையும் பாருங்கள். சேர்க்கும்போது இரண்டில் பிந்தைய தேதியையே வையுங்கள். அழைப்புப் பதிவேட்டில் நீக்கப்போகிற எண்ணைத் தாங்கிய வரிகளை முதலில் தங்கப்போகிற எண்ணுக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு நீக்குங்கள்.

'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' மாற்றத்தை இன்று மாலைக்குள் செய்துவிடுங்கள். மற்றவற்றுக்கு பேக்கப் எடுக்க வேண்டும், அழைப்புகள் குறைந்த நேரம் பார்க்க வேண்டும். ஓரிரு நாள் ஆனாலும் பரவாயில்லை. அதுவரை கொ, கோ, மொ, ரோ வருகிற ஊர்களுக்குக் கேட்டு அழைப்பு வந்தால், ஊர் நிபந்தனையை எடுத்துவிட்டு, வகையை மட்டும் வைத்து மாவட்டம் முழுக்கத் தேடி, ஊரைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அந்த ஈரோடு எண்ணிக்கை என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.